எண்ணெய் இல்லாத வடை

கோழி நகெட்டை நாலாக வெட்டும்போது மலர் அதைப் பார்ப்பதில்லை. கத்தரிக்கோல் தன் பாட்டுக்கு வேலை செய்யும். கண் கூட்டத்தின் மேல் இருக்கும். யார் நடையைக் குறைக்கிறார்கள், யார் மூக்கை உயர்த்துகிறார்கள், எந்தக் குழந்தை அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறது என்று பார்த்துவிடுவாள். துண்டில் பல்குச்சி ஏறுவதற்குள் குரலும் ஏறிவிடும். "மாரி மாரி கக்கா, தா பாயா மின்யாக்! எண்ணெயே வேணாங்க்கா, வந்து டேஸ்ட் பண்ணிப் பாருங்க! அன்ட்டி, லாய் லாய்!" மூச்சு விடாமல் மூன்று மொழிக்காரர்களை அழைத்துவிட்டு, பாலத்தைத் தாண்டி வந்த சிங்கப்பூர்க்காரர்களைக் கடைசியாக ஆங்கிலத்தில் கூப்பிடுவாள். அவர்கள் எப்படியும் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில், பேரங்காடி ஒன்றில், மின்தூக்கிக்கு எதிரே, சூடான காற்றிலேயே பொரிக்கும் ஏர் ஃப்ரையர் மெஷினை விற்பதுதான் மலரின் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கம்பெனி கொடுத்த கறுப்புச் சட்டை, அவளாகத் தேர்ந்தெடுத்த சிவப்பு உதட்டுச்சாயம். மேசைக்கு முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியாதது, மேசைக்குப் பின்னால் அவள் காலில் சப்பாத்து இல்லை என்பது. பிரித்துப் போட்ட அட்டைப் பெட்டியின் மேல் வெறுங்காலோடு நிற்கிறாள். சூப்பர்வைசர் வரும் சத்தம் கேட்டால் இரண்டு கால்களும் தாமாகவே சப்பாத்துக்குள் போய்விடும்.

மெஷினை அவள் 'இவன்' என்பாள். "இவன்கிட்ட கோழிய குடுத்துட்டு நீங்க போய் குளிச்சிட்டு வாங்க. இவன் கருக்க மாட்டான், கத்த மாட்டான். உங்க வீட்டுக்காரரைவிட நல்லவன் லா." பெண்கள் சிரிப்பார்கள். கணவன்மார்களும் சிரிப்பார்கள், கொஞ்சம் தாமதமாக.

"நெசமா சொல்லுங்கக்கா, வீட்டுக்கு இது வொர்த்தா?" என்று யாராவது கேட்டால், மலர் முதலில் அவர்களுடைய தள்ளுவண்டிக்குள் பார்ப்பாள். உறைந்த நகெட், ரொட்டி, முட்டை கிடந்தால் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு. அவர்களுக்கு இவன் நிச்சயம் உதவுவான். பெரிய புட்டி எண்ணெயும் உளுந்து மூட்டையும் கிடந்தால் அது ஆறேழு பேர் சாப்பிடும் வீடு. இவனுடைய கூடையில் ஒரு தடவைக்கு நாலு மீன்தான் அடங்கும். கடைசி ஆளுக்கு மீன் வருவதற்குள் முதல் ஆள் கை கழுவியிருப்பார். வண்டியைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிடும். ஆனால் எல்லா வண்டிக்கும் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வொர்த்துக்கு மேலங்க்கா."

அதில் முழுப் பொய் இல்லை. கீறல் விழுந்த பழைய மெஷின் ஒன்றைக் கம்பெனி அவளுக்கே கொடுத்திருக்கிறது. தொழிற்சாலை வேலை முடிந்து கண்ட நேரத்தில் வரும் மகன் செல்வா, அதில் எதையாவது சூடு பண்ணித் தின்றுவிட்டு, அம்மாவை எழுப்பாமல் தூங்கப் போகிறான். மஞ்சள் தடவிய மீனைப் போட்டால் வீடு நாறுவதில்லை. நேற்றைய வடை இன்று மொறுமொறுப்பாகிறது. "பொரிச்சதைச் சூடு பண்ண இவனை மாதிரி ஆள் கிடையாது. புதுசா பொரிக்கச் சொன்னா முழிப்பான்." இதை அவள் பக்கத்து மேசையில் சட்டி விற்கும் சீனப் பெண்ணிடம் மட்டும் மலாயில் சொல்வாள். அந்தப் பெண்ணும் தன் சட்டியைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்வாள். இருவரும் அவரவர் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

மலர் முன்பு மாசாய் ஊரில் ஒரு தாமான் குடியிருப்பின் முனையில், குடை நிழலில் வடையும் பீசாங் கோரெங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜியும் பொரித்து விற்றவள். சாலையை அகலப்படுத்தினார்கள், குடைக்கு இடமில்லாமல் போனது. அவள் அதற்காக அழவில்லை. கொதிக்கும் சட்டிக்கு முன்னால் நின்ற காலமெல்லாம் அதை விட்டு ஓடத்தான் வழி பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லதா போச்சு லா. இங்க ஏர்கோன். யாரும் இன்னும் கொஞ்சம் மிளகாய்ச் சட்னி குடுன்னு கேக்க மாட்டாங்க."

புரட்டாசி பிறந்ததும் அவளுடைய மேசை வெறிச்சோடிப் போனது.

கோழி இறக்கை வாசம் வந்ததுமே தமிழ்ப் பெண்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். "அலமாக், புரட்டாசிக்கா! சைவம்!" என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். சூப்பர்வைசர் ஜீவன் வந்து நின்றான். அவனுக்கு மலரின் மகன் வயதுதான். இறுக்கமான கால்சட்டை, காதில் எப்போதும் கருவி.

"அக்கா, தீபாவளிக்கு நம்மாளுங்க சாமான் வாங்கறது இந்த மாசந்தான். சைவமா எதாவது போடுங்க."

"உருளைக்கெழங்கு போட்டேன் பாஸ். சின்னப் பிள்ளைங்க தின்னுட்டு ஓடுதுங்க."

"பெரியவங்களைப் பிடிக்கிற மாதிரி போடுங்க. மேல கேக்கறாங்க. இந்த எடத்தை மாப் விக்கிறவனுக்குக் குடுக்கலாம்னு பேச்சு நடக்குது."

முதலில் அப்பளம் போட்டுப் பார்த்தாள். உள்ளே சுழலும் காற்றில் அப்பளம் எழும்பிப் பறந்து, மேலே பழுத்திருந்த கம்பியில் ஒட்டிக்கொண்டு கருகியது. புகையைப் பார்த்துவிட்டுக் காவலாளி தீயணைக்கும் குழாயோடு ஓடிவந்தான். அடுத்து உளுந்து வடை. மாவு கூடையின் ஓட்டைகள் வழியாக ஒழுகியது. தாள் விரித்துப் போட்டதும் ஒழுகவில்லை. வெந்து வந்ததைக் கடித்துப் பார்த்த ஜீவன் தாடையைத் தடவிக்கொண்டான்.

"வடை வரணும்க்கா. எப்படியாவது வரணும்."

மறுநாள் வந்தது. விடியும் முன் வீட்டுப் பின்கட்டுச் சமையலறையில், பழைய இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காய வைத்து, வடைகளை வெளுப்பாக இருக்கும்போதே எடுத்து, டப்பாவில் அடுக்கிக் கொண்டுவந்தாள் மலர். மேசையில் இரண்டு மெஷின்கள். கூட்டம் கூடியதும் உள்ளங்கையை நனைத்து, பச்சை மாவை உருட்டித் தட்டி, விரலால் துளையிட்டு, எல்லோரும் பார்க்க இடது பக்கத்து மெஷினுக்குள் வைப்பாள். பேச்சு கொடுத்துக்கொண்டே வலது பக்கத்து மெஷினைத் திறப்பாள். அங்கே முன்பே போட்டுவைத்த வடைகள் பொன்னிறமாகத் தயாராக இருக்கும். முதலில் வைத்ததற்கும் இப்போது எடுத்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்ததும் இடது பக்கத்து மாவு குப்பைக்குப் போகும். அது நன்றாக அரைத்த மாவு. பஞ்சு மாதிரி இருக்கும்.

ஜீவன் ஒரு வடை தின்றான், அப்புறம் இன்னொன்று. எப்படிச் செய்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது.

மேசையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. "எங்கம்மா சுட்டாக்கூட இப்படி வராது, மெஷின்னா மெஷின்தான்" என்றாள் ஒருத்தி. "உள்ள எவ்ளோ சாஃப்ட் பாரேன்! டெக்னாலஜி லா" என்றான் அவள் புருஷன். மலர் உதட்டுச்சாயம் கலையாமல் சிரித்தாள். ராத்திரியே ஊறவைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைத்தவள் தான் என்று சொல்ல வாய் வரை வரும். சொன்னால் மேசை போய்விடும். வாழ்க்கையிலேயே அவளுடைய வடைக்கு இத்தனை புகழ் கிடைத்தது இப்போதுதான். அத்தனையும் இவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் சனிக்கிழமை சபாபதி வந்தார்.

பெருமாள் கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் துளசி. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. மகள் விடியும் முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் வருபவள். இதையெல்லாம் அவர் பிறகு சொன்னது. அன்று, நீட்டிய துண்டைச் சந்தேகத்தோடு வாங்கினார்.

"எண்ணெய் இருக்காம்மா? எனக்கு நெஞ்சுல ஆப்பரேஷன் ஆயிருக்கு. டாக்டரம்மா பொரிச்சதைக் கண்ணாலகூடப் பாக்காதன்னு சொல்லிருக்காங்க."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "சொட்டு இல்லண்ணே. ஹார்ட்டுக்கு நல்லது" என்றாள் மலர். தினமும் எத்தனையோ பேரிடம் சொல்லும் வரி. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அவர் கண்ணை மூடி மென்றார். மென்று முடித்ததும் மெஷினைப் பார்க்கவில்லை, மலரைப் பார்த்தார். "மெஷின் என்னமோ பண்ணட்டும். உப்பு போட்டது யாரு? மிளகைத் தட்டிப் போட்டிருக்கு, அரைச்சுப் போடல. இது கை தெரிஞ்ச ஆளு செஞ்ச மாவு."

கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அதைச் சொன்னார். மலருக்கு முகம் சூடாகிவிட்டது. நாலாக வெட்டிய துண்டுகளை ஒதுக்கிவிட்டு, முழு வடையாக ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கென்று முழு வடைகளை ஒதுக்கிவைத்தாள். டப்பாவில் அடுக்கும்போதே அழகாக வந்தவற்றைத் தனியாக வைப்பாள். அது எண்ணெயில் மிதந்து வந்த வடை என்பதும், தின்பவர் நெஞ்சு அறுத்துத் தைத்த நெஞ்சு என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு வடையில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். இரண்டு வைத்தாள். "ருசி பார்க்கத் தெரிஞ்ச மனுஷன்" என்று வீட்டில் செல்வாவிடம் சொன்னாள். "யாருக்கும்மா இவ்ளோ காலையில எந்திரிச்சு சுடறீங்க?" என்று அவன் கேட்டதற்கு, "வேலைடா" என்றாள்.

இரண்டாவது சனிக்கிழமை அவர் மெஷின் ஒன்றை வாங்கிப் போனார். மூன்றாவது வாரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மாவு ஒழுகிருச்சு தங்கச்சி. கூடை பூரா. மக வந்து சுரண்டி எடுத்தா. என் கை ராசி அப்படி."

"தண்ணி கூடிருக்கும்ண்ணே" என்றாள் மலர்.

"அப்படித்தான் நெனச்சேன். கெட்டியா அரைச்சேன். கல்லு மாதிரி வந்துச்சு. பொண்டாட்டி இருக்கறப்ப அடுப்படிப் பக்கம் போயிருக்கணும்." சலித்துக்கொள்ளாமல் சொன்னார். "இப்ப அது சும்மா ஒக்காந்திருக்கு. மக அதுல ரொட்டி சூடு பண்றா. நான் இங்கயே வந்து தின்னுட்டுப் போறேன். நீதான் எண்ணெயில்லாம செய்யறியே."

மலர் மாவுக்குப் பதம் சொன்னாள். ஊறவைக்கும் நேரம் சொன்னாள். கொஞ்சம் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள் என்றாள். எதுவுமே உதவாது என்று தெரிந்துகொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை அவர் வழக்கத்தைவிட மெதுவாக நடந்து வந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மலர் தான் உட்காருவதற்கென்று வைத்திருந்த முக்காலியை முன்னால் தள்ளிக் கொடுத்தாள்.

"செக்கப்புக்குப் போனேன். கொழுப்பு ஏறிக் கெடக்காம். டாக்டரம்மா பிடி பிடின்னு பிடிச்சிட்டாங்க. எண்ணெய்ப் பக்கமே போகலைன்னு பெருமாள் மேல சத்தியம் பண்ணேன். ரிப்போர்ட்ல இருக்கறதுதான் பேசும் அங்கிள்னு சொல்லிட்டாங்க." வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுகூடப் பரவால்ல. மக நம்பல. 'நான் வேலைக்குப் போனதும் மாமாக் கடைக்குப் பொரிச்சது திங்கப் போறீங்கப்பா, பொய் சொல்றீங்கப்பா'ங்கறா. ரெண்டு நாளா பேசல. சமைச்சு வச்சுட்டுப் போறா, பேசல."

இடது பக்கத்து மெஷினுக்குள் இப்போதுதான் வைத்த பச்சை மாவு இருந்தது. வலது பக்கத்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் அவருக்கென்று வைத்த வடைகள். சபாபதி கையை நீட்டினார். மலர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாண்ணே."

"ஏன்? தீஞ்சிருச்சா?"

அவள் குனிந்து, அவர் காதருகே தாழ்ந்த குரலில் சொன்னாள். "இது எண்ணெயில பொரிச்சதுண்ணே. வீட்லயே பொரிச்சுக் கொண்டாந்து இதுல சூடு மட்டும் பண்றேன். மொத நாள்ல இருந்தே அப்படித்தான். இனிமே சாப்பிடாதீங்க."

சபாபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். முகத்தில் மெல்ல மெல்ல ஏதோ கூடி வந்தது. மலர் கோபத்துக்குத் தயாரானாள். வந்தது அவள் எதிர்பார்த்த கோபம் இல்லை.

"புரியுதும்மா" என்றார். "ஓசியில திங்க வர்றான் கெழவன், அதானே? அதை நேரா சொல்லிருக்கலாமே. எண்ணெய் கிண்ணெய்னு எதுக்கு?"

"ஐயோ, அதில்லண்ணே—"

"நான் இந்தக் கண்ணால பாத்தேன். பச்சை மாவு உள்ள போச்சு, வடையா வெளிய வந்துச்சு. ஒரு வாரமா ரெண்டு வாரமா, மாசம் பூரா பாத்தேன். இன்னிக்கு வந்து எண்ணெய்ங்கற!" எழுந்துவிட்டார். குரலும் எழுந்துவிட்டது. "காசு குடுத்து மெஷின் வாங்கினவன்மா நான். பிச்சைக்கு வரல."

தள்ளுவண்டிகள் நின்றன. சட்டி விற்கும் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கிருந்தோ ஜீவன் வந்துவிட்டான். அவன் வரும் சத்தம் இன்று மலருக்குக் கேட்கவில்லை, சப்பாத்துக்குள் கால் போகவில்லை.

"அங்கிள், சாரி அங்கிள். என்ன ப்ராப்ளம்?"

"உங்க ஆளு என்னைய வடை திருட வந்தவன் மாதிரி பேசுது தம்பி. எண்ணெயில பொரிச்சதாம். திங்கக் கூடாதாம்."

ஜீவனின் கண் ஒரு கணம் மலர் மேல் நின்றது. உடனே சிரித்துவிட்டான். "அக்கா சும்மா வெளையாடிருப்பாங்க அங்கிள். காலையிலேர்ந்து நிக்கிறாங்க, டயர்டு." தட்டிலிருந்து இருப்பதிலேயே பெரிய வடையை எடுத்து அவர் கையில் வைத்தான். "நீங்க சாப்பிடுங்க. எத்தனை வேணா சாப்பிடுங்க. ஹார்ட் பேஷண்டுக்கு இதைவிட நல்லது இல்ல." பிறகு மேசையில் எதையோ சரிசெய்வது போலக் குனிந்து, உதடு அசையாமல் சொன்னான்: "அக்கா, அடுத்த மாசம் இந்த மேசை வேணுமா, வேணாமா?"

கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு பெண். வண்டியில் உளுந்தும் எண்ணெயும் இருந்தன. அவள் மலரிடமே கேட்டாள். "அப்ப எண்ணெய் இருக்கா, இல்லையாக்கா? எங்க மாமாவுக்கும் பைபாஸ் பண்ணிருக்கு. அவருக்குன்னுதான் வாங்கலாம்னு வந்தேன்."

"சொல்லுங்கக்கா" என்றான் ஜீவன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆயில் இருக்கா?"

சபாபதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவமானத்தைத் துடைத்துப்போட அந்த வடையை எல்லோர் முன்பும் தின்று காட்டுவது ஒன்றே வழி என்பது போல அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

மலர் மேசையைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தாள். அவர் விரல்களுக்குள்ளிருந்து வடையைப் பிடுங்கினாள். வாய் துடைக்க அடுக்கியிருந்த வெள்ளைத் தாள்களில் ஒன்றை உருவி, வடையை அதற்குள் வைத்து மடித்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். வடை உடையும் சத்தம் கேட்டது. தாளைப் பிரித்து, தூளை உதறிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் முகப்பில் விரித்து அழுத்தினாள். எண்ணெயில் நனைந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகி, அதற்குப் பின்னால் நேரம் காட்டி ஓடும் சிவப்பு எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

அவள் கையை எடுத்தாள். தாள் விழவில்லை.